குறைமாதப் பிள்ளை: குறை யாருக்கு?

கிளினிக்கில் ‘பிரிமெச்சூர்’ என்று சொல்கிறார்களே, அது லத்தீன் வழியாக வந்த சொல். ‘முன்னே’, ‘பழுத்தது’ என்ற இரண்டும் சேர்ந்து, பழுக்க வேண்டிய காலத்துக்கு முன்பே பழுத்தது என்று பொருள். புத்தகத் தமிழில் ‘முதிராக் குழந்தை’ என்று எழுதுகிறார்கள். தேயிலைத் தோட்டத்தில் நாம் அப்படிச் சொல்வதில்லை, குறைமாசப் பிள்ளை என்றுதான் சொல்வோம். எனக்கு இதுதான் சரியான சொல்லாகப் படுகிறது, ஏனென்றால் இதில் குறை மாதத்தோடு ஒட்டி நிற்கிறது, பிள்ளையோடு இல்லை. தயவுசெய்து அதைச் சுருக்கிக் ‘குறைப்பிள்ளை’ என்று மட்டும் சொல்லாதீர்கள், தாய் காதில் அது வேறு மாதிரி விழும்.

ஆனால் மாதக்கணக்கு இங்கே போதாது. 37 வாரம் முடியும் முன் பிறந்தால் குறைமாதம், 28 வாரத்துக்கும் முன்னே என்றால் ‘மிகக் குறைமாதம்’. 24 வாரமும் 27 வாரமும் நம் பேச்சில் ஒரே ஆறு மாசம்தான், நுரையீரலுக்கோ அந்த மூன்று வாரம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஏழாம் மாசப் பிள்ளை தங்கும், எட்டாம் மாசப் பிள்ளை தங்காது என்று லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பெரியவர்கள் சொல்வதும் தவறு, வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்குப் பலம்தான்.

இங்கிலாந்தில் 26 வாரத்துக்கு முன் பிறந்து தீவிர சிகிச்சைக்குச் சேர்ந்த பிள்ளைகளில் 1995இல் சுமார் 40 வீதம் பிழைத்தார்கள், 2006இல் 53 வீதம். பிழைத்தவர்களில் கடுமையான பாதிப்போடு வளர்ந்தவர்களின் பங்கு மட்டும் பெரிதாகக் குறையவில்லை. அதனால்தான் வீட்டுக்கு வந்த பிறகும் கண், காது, மூச்சு, நடை எல்லாவற்றையும் பார்க்கக் கூப்பிடுகிறார்கள், தூரம் என்று கிளினிக்கைத் தவறவிடக் கூடாது. நம் மலைக் குளிருக்கு, டொக்டர் சொன்னபடி பிள்ளையைத் தாயின் வெறும் மார்போடு அணைத்து வைப்பதும் ஒரு வைத்தியம்தான். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கிய முறை அது, கங்காரு பராமரிப்பு என்பார்கள்.

அப்புறம் இன்னொரு சொல், ‘திருத்திய வயது’, அதாவது பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணும் வயது. முழுக் கணக்கு 40 வாரம், 27 வாரத்தில் பிறந்த பிள்ளை 13 வாரம் முந்தி வந்தது, ஆகவே முதல் பிறந்தநாளில் அதன் திருத்திய வயது ஒன்பது மாதம்தான். இரண்டு வயது வரை வளர்ச்சியை இப்படித்தான் கணக்குப் பார்க்க வேண்டும். பிள்ளைக்காம்பராவில், அதாவது தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், யாராவது “ஒரு வயசாச்சு, இன்னும் எழும்பி நிக்கலையா?” என்று கேட்டால், ஒன்பது மாசம்தான் ஆகுது என்றே சொல்லுங்கள்.