மழையில் குதிரைச் சவாரி: சேணத்துக்கு அடியில் பாருங்கள்

ஜூன் பிறந்து தென்மேற்குப் பருவமழை நீலகிரியில் இறங்கிவிட்டால், ஊட்டி படகு இல்லம் பக்கம் நிற்கும் சவாரிக் குதிரைகளைப் பார்த்ததும் சுற்றுலா வந்தவர்கள் சொல்லும் முதல் வார்த்தை, "ஐயோ பாவம், நனையுதே!" என்பதுதான். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் கொடைக்கானல் ஏரிச் சாலையிலும் இதே குரல் கேட்கும். ஒருவர் குடையை விரித்துக்கொண்டு குதிரையின் தலைக்கு மேல் பிடிக்க ஓடுவார். இன்னொருவர் குதிரைக்காரரிடம் சண்டைக்குப் போவார். வேறொருவர் எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக்கொண்டிருப்பார்.

அந்த அக்கறை உண்மையானது, அது வேண்டும். ஆனால் மழைக்காலத்தில் சிகிச்சைக்கு வரும் சவாரிக் குதிரைகளில் நாங்கள் பார்ப்பது பெரும்பாலும் மூன்று விஷயங்கள்: ஈரச் சேணம் உராய்ந்து புண்ணான முதுகு, சேற்றில் ஊறி அழுகிய குளம்பு, வழுக்கி விழுந்து தோல் பெயர்ந்த முழங்கால். தெருவில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு இந்த மூன்றுமே எளிதில் தட்டுப்படுவதில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் தட்டுப்படும்.

முதலில் மழையைப் பற்றிய பயத்தைத் தீர்த்துவிடலாம். குதிரையின் மேல்மயிர் தண்ணீரைக் கீழே வழித்துவிடும் வகையில் படிந்திருக்கிறது. கொஞ்ச நேரம் தூறலில் நின்ற குதிரையின் மயிரை விரலால் விலக்கிப் பார்த்தால் அடித்தோல் பெரும்பாலும் உலர்ந்தே இருக்கும். காற்று வரும் திசைக்குப் பின்புறத்தைக் காட்டி, வாலை இடுக்கி, தலையைத் தொங்கப்போட்டு நிற்பதைப் பார்த்து நோய் என்று நினைக்க வேண்டாம். மழையைச் சமாளிக்க எல்லாக் குதிரையும் அப்படித்தான் நிற்கும்.

உடற்கட்டுள்ள, குளிருக்குப் பழகிய குதிரை சுமார் 5 டிகிரி செல்சியஸ் வரை உலர் குளிரைச் சிரமமில்லாமல் தாங்கும். மயிர் அடிவரை நனைந்து, கூடவே காற்றும் அடித்தால் நிலைமை வேறு. நனைந்த மயிரால் உடல் சூட்டைப் பிடித்துவைக்க முடியாது. 10, 15 டிகிரியிலேயே நடுக்கம் வரலாம். மெலிந்தது, வயதானது, குட்டி, சமவெளியிலிருந்து மலைக்குப் புதிதாகக் கொண்டுவரப்பட்டது ஆகியவை முதலில் பாதிக்கப்படும். காதின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். அது சில்லிட்டு, தோளிலும் விலாவிலும் நடுக்கம் தெரிந்தால் அந்தக் குதிரை அன்று வேலை செய்யக் கூடாது. ஆசனவாய் வழியாக வெப்பமானி வைத்துப் பார்த்தால் 37.5 முதல் 38.5 டிகிரி வரை இருக்க வேண்டும்.

குளிருக்குக் கொள்ளு போட்டால் சூடு ஏறும் என்று கொள்ளின் அளவைக் கூட்டுகிறவர்கள் உண்டு. குதிரையின் உடலுக்குள் அதிகச் சூட்டை உண்டாக்குவது நார்த்தீவனம். பெருங்குடலில் நார் நொதிக்கும்போதுதான் அந்த வெப்பம் பிறக்கிறது. உலர்தீவனமாகக் கணக்கிட்டால் ஒரு நாளைக்கு உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் நார்த்தீவனம் வேண்டும். 200 கிலோ மட்டக்குதிரைக்கு அது 3 முதல் 4 கிலோ. மழை நாளில் கூட்ட வேண்டியது புல்லையும் வைக்கோலையும்தான். பூஞ்சை பிடித்த வைக்கோலை உதறிப் போடுவது தீர்வாகாது. அதை மொத்தமாக ஒதுக்கிவிட வேண்டும். இருமலும் வயிற்றுவலியும் அதிலிருந்துதான் தொடங்கும்.

இனி சேணம். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

சேணத்துக்கு அடியில் போடும் கம்பளியோ திண்டோ நனைந்துவிட்டால் குதிரையின் தோல் ஊறி மிருதுவாகிவிடுகிறது. அதன்மேல் ஓர் ஆளின் எடை அழுத்துகிறது. நடக்கும் ஒவ்வொரு அடிக்கும் சேணம் முன்னும் பின்னும் நகர்கிறது. இடையில் மணலோ காய்ந்த சேறோ அகப்பட்டால் ஊறிய தோல் உரிந்துவிடும். முதலில் அடிபடும் இடங்கள் இரண்டு: பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேடு, முன்காலுக்குப் பின்னால் வயிற்றுப் பட்டை இறுகும் இடம். மலையில் மூடுபனி விலகாத நாட்களில் கம்பளி ஒரே இரவில் காய்வதில்லை. காலையில் பாதி ஈரத்தோடு அதையே மறுபடி போடும்போது நேற்றைய கன்றல் இன்று புண்ணாகிறது. ஆகவே ஒரு குதிரைக்குக் குறைந்தது இரண்டு திண்டு வேண்டும். ஈரத் திண்டு என்றால் சவாரி கிடையாது. இதில் நடுவழி எதுவும் இல்லை.

பார்வையாளராக நீங்கள் செய்யக்கூடியது எளிது. ஏறுவதற்கு முன் குதிரைக்காரரிடம், "அண்ணே, சேணத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுறீங்களா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நன்றாகப் பராமரிப்பவர் தயங்காமல் காட்டுவார். புண், வீக்கம், மயிர் உதிர்ந்த வட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். கருப்பு அல்லது பழுப்புக் குதிரையின் முதுகில் திட்டாக வெள்ளை மயிர் முளைத்திருந்தால் அங்கே முன்பு அழுத்தப்புண் வந்து ஆறியிருக்க வாய்ப்பு அதிகம். அந்தச் சேணம் அந்த முதுகுக்குப் பொருந்தவில்லை என்பதற்கு அதுவே தடயம்.

முதுகில் சிறு சிறு பொருக்குகள் தட்டுப்பட்டு, ஒன்றைப் பிய்த்தால் மயிர்க்கற்றையும் சேர்ந்து பெயின்ட் பிரஷ் போல வந்தால், அது டெர்மடோபிலஸ் காங்கோலென்சிஸ் என்ற பாக்டீரியாவால் வரும் மழைப்பொருக்கு நோய். ஈரம் பட்டதும் இந்தக் கிருமி நீந்தும் வித்துகளை வெளியிட்டுப் பரவுகிறது. 2 முதல் 4 சதவீத குளோர்ஹெக்சிடின் கரைசலைப் பூசி, 10 நிமிடம் ஊறவிட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்த வேண்டும். ஊறிய பொருக்கை மட்டுமே மெதுவாக எடுங்கள். காய்ந்ததைப் பிய்த்தால் குதிரைக்கு வலி தாங்காது. மனிதத் தோலுக்கும் தொற்றக்கூடியது என்பதால் கையுறை அவசியம். அந்தக் குதிரையின் சீப்பையும் திண்டையும் இன்னொன்றுக்குப் பயன்படுத்தாதீர்கள். தோல் ஆறும்வரை சேணமும் வேண்டாம்.

சவாரி முடிந்ததும் நனைந்த குதிரையின்மேல் பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்துவது பரவலாக நடக்கிறது. பார்ப்பவர்களும் அதைப் பாராட்டுகிறார்கள். உள்ளே வியர்வையும் நீராவியும் அடைபட்டுத் தோல் மேலும் ஊறும் என்பதால் அது வேண்டாம். தண்ணீரை உள்ளங்கை விளிம்பால் மயிர் போன போக்கில் வழித்துவிட்டு, வைக்கோல் பிடியால் நன்றாகத் தேய்த்து, 10 நிமிடம் மெதுவாக நடத்தி, காற்றுப் போகும் உலர்ந்த சணல் சாக்கைப் போட்டால் போதும். சாக்கு ஈரமானதும் மாற்ற வேண்டும். நனைந்த தோல் சேணத்தையும் கடிவாளத்தையும் துடைத்து நிழலில் காயவிடுங்கள். அடுப்புப் பக்கமோ வெயிலிலோ வைத்தால் தோல் வெடிக்கும், தையல் விட்டுப்போகும். நடுச்சவாரியில் வார் அறுவது பெரும்பாலும் இப்படி வீணாய்ப்போன தையலால்தான்.

குளம்பு விஷயத்துக்கு வருவோம். நாள் முழுக்க ஈரத்தில் நின்ற குளம்பு மிருதுவாகும். லாடத்தைப் பிடித்திருக்கும் ஆணித்துளைகள் தளரும். மழைக்காலத்தில் லாடத்தைத் தினமும் ஆட்டிப் பார்க்க வேண்டும், 5, 6 வாரத்துக்கு ஒருமுறை கழற்றிக் குளம்பைச் சீவி மறுபடி அடிக்க வேண்டும். கல்தரையில் ஒரு லாடம் மட்டும் கிளிக்கென்று தனி ஓசை எழுப்பினால் அது தளர்ந்திருக்கிறது. குளம்பின் அடியில் 'வி' வடிவத்தில் மெத்தென்று ஒரு சதைப்பகுதி இருக்கும். அதன் இருபக்கப் பள்ளங்களில் சேறும் சாணமும் அடைந்தால் காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகள் பெருகும். கருப்பாகக் கசிவும் மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றமும் வந்தால் அழுகல் தொடங்கிவிட்டது. கொக்கியால் குதிகாலிலிருந்து முனை நோக்கிச் சுரண்டி எடுத்து, கழுவி உலர்த்தி, போவிடோன் அயோடின் நனைத்த பஞ்சைப் பள்ளத்தில் வைத்துத் தினமும் மாற்றுங்கள். பழைய எஞ்சின் ஆயில் தடவக் கூடாது. கெட்டியாகக் கரைத்த மயில்துத்தம் உயிர்ச்சதையைச் சுட்டுவிடும் என்பதால் அதுவும் வேண்டாம். மருந்தைவிட முக்கியம், இரவில் நிற்க ஓர் உலர்ந்த இடம்.

தேய்ந்த இரும்பு லாடத்துக்கு நனைந்த தார்ச்சாலையில் பிடிப்பே கிடையாது. மழை தொடங்கிய முதல் சில நிமிடங்கள்தான் மிகவும் ஆபத்து. சாலையில் படிந்த எண்ணெய் அப்போதுதான் தண்ணீரோடு கலந்து மிதக்கும். வெள்ளைக் கோடு, சாக்கடை மூடி, பாசி படிந்த சிமென்ட், நனைந்த யூகலிப்டஸ் இலைக்குவியல் எல்லாமே வழுக்கும். ஈரத்தில் குதிரை நடக்கலாம், ஓடக் கூடாது. இறக்கத்தில் ஏறியிருப்பவர் இறங்கிவிடுவதே நல்லது. "கொஞ்சம் வேகமா ஓட்டுங்க, ரீல்ஸ் எடுக்கணும்" என்று தூறலில் கேட்பது விபத்தை வரவழைப்பது.

ஏறுகிறவர் காலில் ரப்பர் செருப்பு இருந்தால் அங்கவடியில், அதாவது சேணத்தில் தொங்கும் கால்வளையத்தில், கால் வைக்க வேண்டாம். ஈரத்தில் பாதம் அங்கவடிக்குள் முழுதாக நுழைந்து கணுக்காலில் மாட்டிக்கொள்ளும். குதிரை மிரண்டால் ஆளைத் தரையோடு இழுத்துக்கொண்டு ஓடும். சிறிய குதிகால் உள்ள மூடிய ஷூ, தலைக்கவசம், உடம்போடு ஒட்டிய மழைக்கோட்டு மூன்றும் வேண்டும். காற்றில் படபடக்கும் மெல்லிய பிளாஸ்டிக் மழையாடை ஆகவே ஆகாது.

எடையையும் பாருங்கள். சேணம் உட்பட, குதிரையின் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது நடைமுறையில் நாங்கள் சொல்லும் அளவு. முன்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, உடல் நீளத்தால் மறுபடி பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் எடை ஏறக்குறைய கிலோவில் வரும். 140 சுற்றளவும் 130 நீளமும் உள்ள மட்டக்குதிரை 214 கிலோ. அது சுமக்கக்கூடியது 43 கிலோ. பொதி சுமக்கும் மட்டக்குதிரைக்கு, விலங்கு வதையைத் தடுக்க இந்தியாவில் கொண்டுவந்த 1965-ஆம் ஆண்டு விதிகள் 70 கிலோவை உச்சவரம்பாக வைத்திருக்கின்றன. மெலிந்த சிறு குதிரைக்கு அந்த வரம்பே அதிகம். மழையில் நனைந்த திண்டும் ஜீன்ஸும் மேலும் சில கிலோ கூட்டும். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பெரியவரும் ஏறுவது எந்தக் கணக்கிலும் அடங்காது.

வேடிக்கை பார்ப்பவர்களால் வரும் ஆபத்துகளில் முதலிடம் குடைக்கு. குதிரையால் தன்னைச் சுற்றிச் சுமார் 350 டிகிரி பார்க்க முடியும். நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் மட்டும் தெரியாது. பக்கவாட்டில் படக்கென்று விரியும் குடையைப் பாயவரும் விலங்காகவே எடுத்துக்கொண்டு மிரளும். குதிரையிலிருந்து தள்ளி நின்றே குடையை விரியுங்கள், மடக்குங்கள். அருகே போக வேண்டுமானால் தோள்பக்கமாக, பேசிக்கொண்டே போங்கள். பின்னால் குறைந்தது 3 மீட்டர் விடுங்கள். கேரட் கொடுக்க ஆசையென்றால் குதிரைக்காரரைக் கேட்டுவிட்டு, நீளவாக்கில் கீறி, விரித்த உள்ளங்கையில் வைத்துக் கொடுங்கள். வட்டத் துண்டு தொண்டையில் அடைக்கும்.

காரில் வருபவர்களுக்கு: பிரிட்டனின் சாலை விதிநூல் குதிரையைக் கடக்கும்போது மணிக்கு 16 கி.மீ.க்குக் குறைவான வேகமும் 2 மீட்டர் இடைவெளியும் கேட்கிறது. நம் மலைச் சாலையில் அந்த இடைவெளி கிடைக்காத இடத்தில் காத்திருங்கள். ஹாரன் வேண்டாம். முக்கியமாக, சாலையோரத்தில் தண்ணீர் தேங்கிய குழி இருந்தால் அந்த இடத்தில் கடக்கவே வேண்டாம். குழியின் ஆழத்தைக் கணிக்க முடியாமல் குதிரை திடீரென உங்கள் பக்கம் ஒதுங்கும்.

இடி கேட்டால் சவாரியை நிறுத்தி, இறங்கி, தனிமரத்தை விட்டு விலகி, கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் வெளியே வர வேண்டாம்.

குதிரை வழுக்கி விழுந்துவிட்டால் கூட்டம் கூடி வாலைப் பிடித்தும் கடிவாளத்தைப் பிடித்தும் தூக்கப் பார்ப்பார்கள். குதிரை எழும்போது முதலில் தலையை வீசி, முன்கால்களை முன்னே நீட்டும். தலையை இழுத்துப் பிடித்தால் அதனால் எழவே முடியாது. சவாரியாளரை அப்புறப்படுத்தி, முதுகுப் பக்கம் மட்டும் நின்று வயிற்றுப் பட்டையை அவிழ்த்துவிடுங்கள். கால்கள் இருக்கும் பக்கம் யாரும் போகக் கூடாது. கால்களுக்கு எட்டும் இடத்தில் முதுகுப் பக்கத்திலிருந்தே மண்ணையோ சாம்பலையோ சாக்கையோ வீசிப் போட்டு, முன்பக்கம் இடம்விட்டு விலகி நில்லுங்கள். இரண்டு மூன்று முயற்சியில் எழவில்லை என்றால் கட்டாயப்படுத்தாமல் 1962-ஐ அழையுங்கள். அது கால்நடை மருத்துவ ஊர்திக்கான எண். எழுந்துவிட்டால் மெதுவாக நாலு அடி நடத்திப் பாருங்கள். ஒரு முன்கால் தரையில் படும்போதெல்லாம் தலை மேலே தூக்கினால் அந்தக் காலில் வலி. ரத்தம் கசியும் காயம் சிறியதானாலும் தடுப்பூசிக் கணக்கை மருத்துவரிடம் சொல்லி டெட்டனஸ் ஊசி போட்டுவிட வேண்டும், ஏனென்றால் வீட்டு விலங்குகளில் அந்த நோய்க்கு மிக எளிதில் இரையாவது குதிரைதான். அன்றைக்கு அந்தக் குதிரையின்மேல் மறுபடி யாரும் ஏறக் கூடாது, லாயம் வரைக்கும் கையில் பிடித்து நடத்தித்தான் கொண்டுபோக வேண்டும்.