மெட்ரோபாலிட்டன் பிளானிங் ஆர்கனைசேஷன்: சொல் விளக்கம்

அமெரிக்க நகரங்களின் சாலை, பேருந்து, ரயில் பற்றிய செய்திகளைத் தமிழாக்குவோர் ‘எம்.பி.ஓ.’ என்னும் சுருக்கப்பெயரை அடிக்கடி எதிர்கொள்வர். அதன் விரிவு மெட்ரோபாலிட்டன் பிளானிங் ஆர்கனைசேஷன். ‘பெருநகர் திட்டமிடல் ஆணையம்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம் என்றே முதலில் தோன்றும். ஆனால் ஆணையம் என்பது ஆணையிடும் அதிகாரம் உடைய அமைப்பைக் குறிப்பது, எம்.பி.ஓ.வுக்கோ தன் எல்லைக்குள் இருக்கும் மிகச் சிறிய ஊராட்சிக்குக்கூட ஆணையிடும் உரிமை இல்லை.

ஒரு நகர்ப்புறப் பரப்பில் அடங்கும் நகராட்சிகள், சிற்றூர்கள், கவுண்டிகள் (நம் மாவட்டம் போன்ற ஆட்சி அலகுகள்) ஆகிய உள்ளாட்சிகளின் பேராளர்கள், மாநிலப் போக்குவரத்துத் துறையினரோடும் பேருந்து, ரயில் சேவை நடத்தும் நிறுவனங்களோடும் கூடி அமர்ந்து, நடுவண் அரசிலிருந்து வரும் போக்குவரத்து நிதியை எந்தப் பணிக்கு, எந்த ஆண்டில் செலவிடுவது என்று முடிவு செய்யும் குழுவே எம்.பி.ஓ. மக்கள்தொகை 50,000-ஐத் தாண்டிய நகர்ப்புறப் பரப்பு ஒவ்வொன்றும் இத்தகைய குழுவின் கீழ் வரவேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். இன்று அங்கே 400-க்கும் மேற்பட்ட எம்.பி.ஓ.க்கள் உள்ளன.

பெயரின் முதற்சொல் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. ‘மேட்டேர்’ என்றால் தாய், ‘போலிஸ்’ என்றால் நகரம். இரண்டும் சேர்ந்த ‘மெட்ரோபோலிஸ்’ தாய்நகரைக் குறித்தது. தன் குடிகளை அனுப்பிக் கடல் கடந்து புதிய ஊரை நிறுவிய நகரம், அந்தப் புதிய ஊருக்குத் தாய்நகராயிற்று; சிசிலித் தீவின் சிராக்கூசுக்குக் கொரிந்து அவ்வகையில் தாய்நகர். பின்னர் கிறித்தவத் திருச்சபையில், மாகாணத் தலைநகரில் வீற்றிருந்த ஆயர் ‘மெட்ரோபாலிட்டன்’ எனப்பட்டார். நாட்டின் தலையாய நகரம், மிகப் பெரிய நகரம் என்ற பொருள்களெல்லாம் அதற்கும் பிந்தியவை. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1910-இல் ‘மெட்ரோபாலிட்டன் டிஸ்ட்ரிக்ட்’ என்ற வகையைக் கொண்டுவந்தபோது, நகரமும் அதன் ஆட்சியெல்லைக்கு வெளியே அதனோடு ஒட்டிப் பரந்திருந்த ஊர்களும் ஒன்றாக எண்ணப்பட்டன. நம் சொல்லில் உள்ள பொருள் இதுதான்: ஆட்சி பலவாகவும் வாழ்க்கை ஒன்றாகவும் இருக்கும் பரப்பு.

அமைப்பு பிறந்த கதை நெடுஞ்சாலையிலிருந்து தொடங்குகிறது. 1956-ஆம் ஆண்டின் சட்டம் 41,000 மைல் நீள மாநிலங்களிடை நெடுஞ்சாலை வலையமைப்புக்கு வழிவகுத்ததோடு, அதன் செலவில் 90 விழுக்காட்டை நடுவண் அரசே ஏற்கவும் செய்தது. அச்சாலைகள் நகரங்களுக்குள் புகுந்தபோது, பாதையை மாநிலப் பொறியாளர்கள் வகுக்க, வீடுகளையும் கடைத்தெருக்களையும் உள்ளூர் மக்கள் இழக்க நேர்ந்தது. 1962-இல் இயற்றப்பட்ட நெடுஞ்சாலைச் சட்டம் இதற்கு ஒரு நிபந்தனையை விதித்தது. 50,000-க்கு மேல் மக்கள் வாழும் நகர்ப்பகுதிகளில், 1965 ஜூலை 1-க்குப் பிறகு, தொடர்ச்சியும் முழுமையும் உடைய திட்டமிடலை மாநிலங்களும் உள்ளூர்ச் சமூகங்களும் ஒத்துழைத்து நடத்தினாலொழிய சாலைப் பணிகளுக்கு நடுவண் ஒப்புதல் கிடைக்காது என்றது அச்சட்டம். இம்மூன்று பண்புகளும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்குவதால் துறையினர் இதை ‘த்ரீ-சி’ என்பர். மூன்றில் ‘ஒத்துழைத்து’ என்பதே எடையுள்ள சொல், எம்.பி.ஓ. என்ற அமைப்பே அந்த ஒரு வினையெச்சத்துக்கு உருக்கொடுக்க வந்தது என்று சொன்னால் மிகையாகாது. இதைக் ‘கூட்டுறவு’ என்று மொழிபெயர்த்தால், தமிழில் கடன் சங்கமும் பண்டகசாலையும் நினைவுக்கு வந்துவிடும், ‘ஒத்துழைப்பு’ போதும்.

1973-ஆம் ஆண்டுச் சட்டம் இக்குழுக்களுக்கென நெடுஞ்சாலை நிதியில் ஒரு சிறு பங்கை ஒதுக்கியது. 1991-இல் வந்த சட்டம் 2,00,000-க்கு மேற்பட்ட மக்கள்தொகை உள்ள பரப்புகளின் குழுக்களுக்குக் கூடுதல் பொறுப்பளித்தது. அதைவிட முக்கியமான மாற்றம், திட்டப் பட்டியலில் உள்ள பணிகளின் செலவு வரக்கூடிய வருவாயை மிஞ்சக் கூடாது என்ற விதி.

அந்தப் பட்டியலைச் சற்று நெருங்கிப் பார்த்தால்தான் குழுவின் வலிமை எங்கே இருக்கிறது என்பது விளங்கும். நான்கு ஆண்டுகளுக்கான இந்த ஆவணத்தில் ஒவ்வொரு வரியும் ஒரு பணி: இன்ன சாலைச் சந்திப்பைத் திருத்துதல், செய்யும் உள்ளாட்சி எது, மொத்தச் செலவு எவ்வளவு, அதில் நடுவண் பங்கு எவ்வளவு, எந்த ஆண்டில் எந்தக் கட்டம். பட்டியலில் இடம் இல்லையென்றால் நடுவண் நிதி இல்லை. ஒரு நகரத்துக்குள் நான்கு தடமாக ஓடும் சாலை, எல்லைக் கல்லைத் தாண்டியதும் அடுத்த ஊரில் இரு தடமாகச் சுருங்கி நெரிசலில் சிக்குகிறது என்று கொள்வோம். நகரம் அந்த ஊரை அகலப்படுத்தச் சொல்ல முடியாது. ஊருக்கோ அது வேண்டாத செலவாக இருக்கலாம். இருவரும் ஒரே பட்டியலில் இடம் கேட்டு வரவேண்டியிருப்பதால், ஊர் கேட்கும் நடைபாதையும் நகரம் கேட்கும் அகலமும் ஒரே மேசையில் பேரம் பேசப்படுகின்றன. வரி விதிக்கவோ சாலை போடவோ இயலாத குழு செல்வாக்குப் பெறுவது இப்படித்தான். இதை வெறும் நிதிப் பங்கீடு என்று எள்ளுவோரும் உண்டு. அந்தக் குற்றச்சாட்டில் ஓரளவு உண்மை இருக்கிறது.

குழுவைத் தோற்றுவிப்பதும் உடன்பாட்டின் வழியேதான். பரப்பின் மக்கள்தொகையில் குறைந்தது 75 விழுக்காட்டுக்குப் பேராளாக விளங்கும் உள்ளாட்சிகள், அவற்றுள் மிகப் பெரிய நகரமும் உட்பட, மாநில ஆளுநரோடு இசைய வேண்டும்.

இனித் தமிழ்ப்பெயர். ‘மெட்ரோபாலிட்டன்’ என்பதற்கு ‘மாநகர’ என்பது பொருந்தாது. மாநகராட்சி என்ற சொல் வேரூன்றிவிட்டதால் மாநகர் என்றதும் ஒரே ஆட்சியின் எல்லை மனத்தில் எழுகிறது. எல்லை கடந்த பரப்பைச் சுட்டப் ‘பெருநகர்’ என்பதே வழக்கு. அடுத்து, மூலப்பெயரில் போக்குவரத்து என்ற சொல்லே இல்லை. அப்படியே பெயர்த்தால், கட்டட அனுமதி வழங்கும் அலுவலகம் என்று தமிழ் வாசகர் எண்ணிவிடுவார். எனவே அதைச் சேர்த்தாக வேண்டும். சேர்ப்பதில் ஒரு நன்மையும் உண்டு: ‘டிரான்ஸ்போர்ட்டேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேர் ‘அக்கரைக்குச் சுமந்து செல்லுதல்’ என்று போவதை மட்டும் சொல்ல, நம் சொல் போவதையும் வருவதையும் சேர்த்தே சொல்கிறது. காலையில் ஓர் ஊரிலிருந்து வேறோர் ஊருக்கு வேலைக்குப் போய் மாலையில் திரும்புவோரால்தான் இந்தப் பரப்பு ஒன்றாகிறது.

இறுதிச் சொல்லுக்குப் போட்டி அதிகம். ‘வாரியம்’ உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று வரும் பழஞ்சொல்; ஆனால் அவை ஒரே ஊர்ச்சபையின் உட்குழுக்கள். பல ஊர்கள் சேர்ந்த சோழர்கால அமைப்பு ‘நாடு’, அதன் அவையினர் ‘நாட்டார்’. பொருளளவில் இதுவே மிக அருகில் வருகிறது என்றாலும் இன்று அச்சொற்கள் வேறு பொருளுக்குப் போய்விட்டன. ‘ஒன்றியம்’ நிலையான ஆட்சி அலகாகத் தோன்றும். ‘குழு’ என்பதே அடக்கமும் பொருத்தமும் உடையது. ஆகவே ‘பெருநகர்ப் போக்குவரத்துத் திட்டக் குழு’ என்பது என் பரிந்துரை.

ஓர் எச்சரிக்கை: பல குழுக்கள் எம்.பி.ஓ. என்ற பெயரில் இயங்குவதில்லை. 6 கவுண்டிகளை உள்ளடக்கிய தென் கலிபோர்னியக் குழு, பெயரளவில் ‘அரசுகளின் சங்கம்’. செயின்ட் லூயிஸ் நகரின் குழு மிசௌரி, இல்லினாய் என்னும் இரு மாநிலங்களில் பரந்திருக்கிறது. ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் ‘மெட்ரோ’ என்பது மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் வட்டார அரசு; எம்.பி.ஓ. பணியையும் அதுவே செய்கிறது. அதைக் ‘குழு’ என்று எழுதாமல், ‘போர்ட்லாந்து வட்டார அரசு’ என்றே எழுத வேண்டும்.