புது வெப் அப்ளிகேஷனா? டெஸ்டைப் பணத்திலும் தேதியிலும் தொடங்குங்கள்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்து வியாபாரிகளுக்கு வெப் அப்ளிகேஷன் செய்துகொடுப்பது என் வேலை. நிரல் சரியாக நடக்கிறதா என்று தானாகச் சோதிக்கும் சிறு நிரல்தான் டெஸ்ட். புதிதாக ஒன்றைத் தொடங்கும்போது, "டெஸ்ட் எல்லாம் கடைசில பாத்துக்கிடலாம் அண்ணே" என்று குழுவில் யாராவது ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை. அந்தக் கடைசி வருவதே இல்லை. டெலிவரி நாள்தான் வரும்.

இன்னொரு வகையினர் எடுத்த எடுப்பில் செலினியம், பிளேரைட் என்று பிரவுசரைத் தானாக ஓட்டும் கருவிகளில் போய் இறங்குகிறார்கள். புது அப்ளிகேஷனில் திரை அடிக்கடி மாறும். ஒரு பட்டனை மாற்றினாலே நாலு டெஸ்ட் விழும் (தோற்றுச் சிவப்பு காட்டும்). அப்புறம் சிவப்பு விளக்கைப் பார்த்துப் பார்த்துப் பழகி, உண்மையிலேயே கோளாறு வரும்போதும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். லாகின், பில், பணம் கட்டுதல் ஆகிய மூன்றுக்கும் பிரவுசர் டெஸ்ட் இருந்தால் ஆரம்பத்துக்குப் போதும். உழைப்பைக் கணக்கு நடக்கும் இடத்தில் போடுங்கள்.

தோவாளைப் பூச்சந்தையை எடுத்துக்கொள்வோம். விடிவதற்கு முன்பே வியாபாரம் நடக்கிற இடம். காலை 4.30க்கு ஒருவர் பிச்சிப்பூவுக்குப் பில் போடுகிறார். சர்வர் கடிகாரம் பெரும்பாலும் உலகப் பொது நேரமான யூடிசியில் ஓடும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் கூடுதல். ஆகவே சர்வருக்கு அது முந்தைய நாள் இரவு 11 மணி. அன்றன்றைய கணக்கைச் சர்வர் தேதிப்படி பிரித்தால், 5.30க்கு முன் விற்றதெல்லாம் நேற்றைய கணக்கில் போய் உட்காரும். ஏப்ரல் 1ஆம் தேதி என்றால் இன்னும் மோசம், பில் கடந்த நிதியாண்டுக்கே போய்விடும். பகலில் ஆபீசில் உட்கார்ந்து கையால் சோதிப்பவருக்கு இது தெரிய வழியே இல்லை.

டெஸ்டில் நேரத்தை நாமே கொடுக்கலாம்: 4.30, 5.29, 5.30, பிறகு நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் முன்னும் பின்னும். அதற்கு நிரலில் ஆங்காங்கே கடிகாரத்தைக் கேட்காமல் ஒரே இடத்திலிருந்து நேரத்தை வாங்குவதுபோல் எழுதியிருக்க வேண்டும். முதல் வாரத்தில் இது சின்ன வேலை. ஆறு மாதம் கழித்துச் செய்து பாருங்கள், தெரியும்.

பணத்துக்கும் இதே கவனம் வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் 0.1, 0.2 இரண்டையும் கூட்டினால் 0.30000000000000004 வரும். ரப்பர் ஷீட் எடையையும் விலையையும் பெருக்கும்போது இந்தப் பிசிறு பைசாவாக வெளியே வரும். தொகையைப் பைசாவில் முழு எண்ணாக வையுங்கள். எந்த இடத்தில் ரவுண்டு செய்வது என்பதை வியாபாரியின் கணக்கரிடம் கேட்டு, அவர் சொன்ன கணக்கையே டெஸ்டாக எழுதிவிடுங்கள்.

தமிழில் பெயர் பதிந்தால் இன்னொரு சிக்கல் உண்டு. 'கோ' என்ற எழுத்தை யூனிகோடில் ஓகாரக் குறி ஒன்றாகவும் வைக்கலாம், ஏகாரக் குறியும் காலும் தனித்தனியாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். 'கொல்லங்கோடு' என்ற ஊர்ப் பெயரில் இப்படி இரண்டு எழுத்து இருக்கிறது. ஒரு விதமாகப் பதிந்துவிட்டு வேறு விதமாகத் தேடினால் அந்த வாடிக்கையாளரே இல்லை என்று வரும். சேமிக்கும்போதும் தேடும்போதும் குறியை ஒன்றாகவே வைக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டு, இரண்டு விதமாகவும் தேடிப் பார்க்கும் டெஸ்ட் ஒன்றைப் போட்டுவையுங்கள்.

சரி, அமைப்பது எப்படி? முகப்புப் பக்கம் திறக்கிறதா என்று பார்க்கும் ஒரே டெஸ்டோடு முதல் நாளே தொடங்கலாம். நிரலைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்தின் தானியங்கி வசதியான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் இணைத்து, நிரலை அங்கே ஏற்றும் ஒவ்வொரு புஷ்ஷுக்கும் தானாக ஓட விடுங்கள். டெஸ்ட் விழுந்தால் மெர்ஜ் கிடையாது, அந்த மாற்றம் முதன்மை நிரலில் சேராது. நேரடிப் பயன்பாட்டில் டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் என்றால் டெஸ்டிலும் அதுவே இருக்கட்டும். வேகமாக ஓடுகிறதே என்று எஸ்க்யூலைட் என்ற சிறு டேட்டாபேசை வைத்தால், தேதியிலும் தசமத்திலும் அது வேறு மாதிரி நடந்துகொள்ளும். வாடிக்கையாளர்களின் நிஜப் போன் நம்பர்களை டெஸ்ட் டேட்டாபேசுக்குக் கொண்டுவரவே கூடாது.

கவரேஜ் (நிரலில் எவ்வளவு பகுதியை டெஸ்ட் ஓட்டிப் பார்க்கிறது என்ற அளவு) 90 சதவீதம் வேண்டும் என்று இலக்கு வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எதையும் சரிபார்க்காத டெஸ்டும் அந்த எண்ணை ஏற்றிக் காட்டும். வியாபாரி ஒரு குறை சொன்னால், அதே குறையைக் காட்டி விழுகிற டெஸ்டை முதலில் எழுதிவிட்டு அப்புறம் திருத்துங்கள். தேவையான டெஸ்ட் தானாகச் சேரும்.

அப்ளிகேஷன் செய்யக் கொடுக்கும் வியாபாரிகளுக்கும் ஒன்று: கடைசித் தவணைப் பணம் கொடுப்பதற்கு முன், "டெஸ்ட் ஓட்டிக் காட்டுங்க தம்பி" என்று கேளுங்கள். நிரலோடு டெஸ்டையும் சேர்த்து ஒப்படைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் இன்னும் நல்லது.