சின்னத் துப்பாக்கி ஏன் பெரிதாக உதைக்கிறது?

கன்னியாகுமரி மாவட்டத்தில் முன்னாள் ராணுவத்தினர் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் சிலரிடமும், நகையும் பணமுமாகப் பயணம் போகிற சில வியாபாரிகளிடமும் லைசென்ஸ் பெற்ற கைத்துப்பாக்கி உண்டு. புதிதாக லைசென்ஸ் கைக்கு வந்தவர் முதலில் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "இருக்கிறதிலேயே சின்னது எது? சட்டைக்குள்ளே இருந்தால் வெளியே தெரியக் கூடாது." நியாயமான கேள்வி. பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையில் போட்டு, முழுவதும் மறைத்து, தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும் என்றுதான் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளும் சொல்கின்றன. ஆனால் துப்பாக்கி சிறிதாகச் சிறிதாக அதைச் சரியாகச் சுடுவது கடினமாகிக்கொண்டே போகும். வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

நம் நாட்டில் 9 மி.மீ., .38 அங்குலம் போன்ற குழல் அளவுகள் பொதுமக்களுக்குத் தடை. அதனால் பெரும்பாலோர் போய்ச் சேருவது .32-க்குத்தான். இதில் இரண்டு வகைத் தோட்டா உண்டு. பிஸ்டலுக்கான .32 ஏசிபி (ஆட்டோமேட்டிக் கோல்ட் பிஸ்டல்), அமெரிக்கரான ஜான் பிரவுனிங் வடிவமைத்து 1899-ல் வந்தது. தோட்டாக்களைச் சுழலும் உருளையில் வைக்கிற ரிவால்வருக்கான .32 தோட்டா வேறு. அது இன்னும் நீளமானது. இரண்டுக்கும் பெயரில் ஒரே எண் இருப்பதால் ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போடலாம் என்று நினைத்துவிடக் கூடாது.

சரி, உதைக்கு வருவோம். சுடும்போது துப்பாக்கி நம் கையைப் பின்னால் தள்ளுவதைத்தான் உதை என்கிறோம். .32 ஏசிபி குண்டின் எடை சுமார் 4.6 கிராம், வேகம் நொடிக்குச் சுமார் 275 மீட்டர். குண்டு முன்னால் கொண்டுபோகிற உந்தத்துக்குச் சமமான உந்தம் துப்பாக்கிக்குப் பின்பக்கமாகக் கிடைத்தே தீரும். நியூட்டன் விதி இதில் யாருக்கும் சலுகை தராது. கணக்குப் போட்டால், 700 கிராம் பிஸ்டல் நொடிக்கு 1.8 மீட்டர் வேகத்தில் கையை நோக்கி வரும். அதன் ஆற்றல் ஏறக்குறைய 1.1 ஜூல். அதே தோட்டாவை 350 கிராம் பிஸ்டலில் போட்டால் வேகம் 3.6 மீட்டர், ஆற்றல் 2.3 ஜூல். எடை பாதியானால் உதை இரண்டு மடங்கு. வெடித்த வாயுவும் கொஞ்சம் உந்தத்தைக் கொண்டுபோவதால் நிஜத்தில் உதை இன்னும் சற்று கூடுதலாகவே இருக்கும்.

இதோடு முடியவில்லை. குழல் நம் மணிக்கட்டுக்கு மேலே இருக்கிறது. அதனால் உதை நேராகப் பின்னால் வராமல் துப்பாக்கியின் முனையை மேலே தூக்கும். பெரிய கைப்பிடியை நாலு விரலும் சுற்றிப் பிடித்து இதை அடக்கிவிடலாம். குட்டிப் பிஸ்டலில் இரண்டு விரலுக்குத்தான் இடம். சுண்டுவிரல் கீழே அந்தரத்தில் நிற்கும். முதல் குண்டுக்கும் இரண்டாவது குண்டுக்கும் நடுவே குறியை மீட்டெடுக்க ஆகிற நேரம் இதனால் கூடிவிடுகிறது.

வயதானவர்களுக்கும் பெண்களுக்கும் சின்னப் பிஸ்டல்தான் வசதி என்று பலர் சொல்கிறார்கள். உள்ளே இருக்கிற பொறியைப் பார்த்தால் அது அப்படியே சரியில்லை என்று தெரியும். .32 பிஸ்டல்களில் பெரும்பாலானவற்றில் குழலின் பின்புறத்தை மூடுகிற ஸ்லைடுக்குப் பூட்டு எதுவும் கிடையாது. அதன் எடையும் ஸ்பிரிங்கும் மட்டுமே வெடிப்பைத் தாங்குகின்றன. ஸ்லைடு 250 கிராம் என்று வைத்துக்கொள்வோம். குண்டு 8 சென்டிமீட்டர் குழலைக் கடந்து வெளியே போவதற்குள் ஸ்லைடு பின்னால் நகர்வது ஒன்றரை மில்லிமீட்டர்தான். அதுவரை தோட்டாவின் வெற்றுக்கூடு குழலுக்குள்ளேயே இருந்து வாயுவை அடைத்துக்கொள்கிறது. அழுத்தம் குறைந்த பிறகுதான் ஸ்லைடு முழுக்கப் பின்னால் ஓடி, வெற்றுக்கூட்டை வீசிவிட்டு, அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. இதில் ஸ்லைடின் எடையைக் குறைத்தால் அது சீக்கிரமே திறந்துகொள்ளப் பார்க்கும். அந்தக் குறையை ஈடுகட்ட ஸ்பிரிங்கைக் கடினமாக்குகிறார்கள். ஆகவே குட்டிப் பிஸ்டலின் ஸ்லைடை இழுக்கத்தான் அதிகப் பலம் வேண்டியிருக்கும். மூட்டுவலி உள்ள கை அங்கேயே தோற்றுவிடும். மணிக்கட்டு தளர்ந்திருந்தால் பிஸ்டல் மொத்தமாகப் பின்னால் சாயும். ஸ்லைடு தன் ஓட்டத்தை முடிக்காமல் தோட்டா சிக்கிக்கொள்ளும். பலம் குறைந்த கைக்கு ரிவால்வரே நல்லது என்று நான் சொல்வது இதனால்தான். அதில் இழுக்க ஸ்லைடு இல்லை, தளர்வாகப் பிடித்தாலும் சிக்காது. உருளை இருப்பதால் இடுப்பில் கொஞ்சம் தடிமனாகத் தெரியும், அவ்வளவுதான்.

ரிவால்வரின் சிரமம் ட்ரிக்கரில் இருக்கிறது. தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கிற சுத்தியலைக் கையால் பின்னுக்கு இழுக்காமல் ட்ரிக்கரை மட்டும் அழுத்திச் சுட்டால், அதற்கு நாலைந்து கிலோ அழுத்தம் தேவைப்படலாம். அரைக் கிலோ எடையுள்ள பொருளை அதன் எடையைப் போல எட்டுப் பத்து மடங்கு விசையால் ஒரே விரலால் அழுத்துகிறோம். அது அசையாமல் இருக்குமா? அசைந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடலாம். குறிபார்க்கக் குழலின் மேலே இருக்கிற முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 10 சென்டிமீட்டர் இருந்து, முன்குறி ஒரு மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டர் தூரத்தில் குண்டு 10 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். அந்த இடைவெளி 15 சென்டிமீட்டராக இருந்தால் அதே தவறுக்கு விலகல் ஏழு சென்டிமீட்டருக்கும் கீழே. குட்டித் துப்பாக்கி நம் சிறு தவறையும் பெரிதாக்கிவிடுகிறது.

இதைத் தோட்டா இல்லாமலே சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. பிஸ்டல் என்றால் முதலில் தோட்டாக்கள் அடுக்கியிருக்கிற மேகசினைக் கழற்ற வேண்டும். அப்புறம் ஸ்லைடை இழுத்துக் குழலுக்குள் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்ய வேண்டும். மேகசினைக் கழற்றினாலும் உள்ளே ஒன்று தங்கியிருக்கலாம். விபத்துகள் நடப்பது அந்த ஒன்றினால்தான். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, ஆள் இல்லாத கெட்டியான சுவரை நோக்கி, முன்குறிக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை நிறுத்தி ட்ரிக்கரை மெல்ல அழுத்திப் பாருங்கள். நாணயம் விழாமல் சுத்தியல் தட்டினால் அந்தத் துப்பாக்கி உங்கள் கைக்குப் பொருந்துகிறது. விழுந்துகொண்டே இருந்தால் இன்னும் கொஞ்சம் கனமானதைக் கேளுங்கள். பழைய ரிவால்வர் என்றால் வெறுமனே தட்டுவதில் தோட்டாவைக் குத்துகிற ஊசி சேதமாகலாம். பயிற்சிக்கான போலித் தோட்டா போட்டுக்கொள்வது நல்லது.

எடையைக் குறைக்க டைட்டானியம் வந்திருக்கிறது. கான்பூர் பீல்டு கன் தொழிற்சாலை 2014-ல் பெண்களை மனத்தில் வைத்து வெளியிட்ட 'நிர்பீக்' ரிவால்வர் டைட்டானியக் கலவையால் ஆனது, 500 கிராம்தான். டைட்டானியத்தின் தாது நம் மாவட்டத்துக் கடற்கரையிலேயே கிடக்கிறது. மணவாளக்குறிச்சி மணலில் கருகருவென்று தெரிகிற இல்மனைட் இரும்பும் டைட்டானியமும் கலந்த தாது. டைட்டானியம் எஃகைவிட 40 சதவீதம் இலேசானது. அதன் மேல் தானாகவே படிகிற, கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் உப்பை உள்ளே விடாது. துருவைப் பொறுத்தவரை நம் ஊருக்கு ஏற்ற உலோகம் இதுதான். உதையைப் பொறுத்தவரை முன்பு போட்ட அதே கணக்கு. இலேசானதால் கூடுதலாக உதைக்கும்.

எஃகுத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் குளச்சல், முட்டம் பக்கம் குடியிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது, கரையோரத்தில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். அதற்கு மேல், உடம்போடு ஒட்டி மறைத்துக்கொண்டு போகிற ஆயுதத்துக்கு வியர்வையின் உப்பும் சேரும். உப்பிலுள்ள குளோரைடு, எஃகின் மேலுள்ள கறுப்புப் பூச்சு தேய்ந்த இடமாகப் பார்த்து உள்ளே போய்ச் சிறு குழி பறிக்கும். கைப்பிடிக்கு மேலேயும் ஸ்லைடின் உடம்பு படுகிற பக்கத்திலும் முதலில் செம்புள்ளி தெரிவது அதனால்தான். வெளியே போய்வந்த அன்றே உலர்ந்த துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெய்த் துணியால் ஒருமுறை தடவிவிட்டால் போதும். தோல் உறை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், ஆகவே வீட்டில் உறையோடு வைக்காமல் வெளியே எடுத்துப் பூட்டிவைக்க வேண்டும். எண்ணெயைத் தாராளமாக ஊற்றவும் கூடாது. தோட்டாவின் பின்புறத்திலுள்ள பற்றவைக்கும் மருந்துக்குள் அது ஊறிவிட்டால் சுத்தியல் தட்டியும் தோட்டா வெடிக்காது.