அடியில் கிடக்கும் குழாய் கடலுக்கா போகிறது?

கீழக்கரை, மண்டபம், தொண்டி பக்கம் கடலோர மணலில் சில அடி தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். தரைக்குக் கீழே அறை கட்டுவது அபூர்வம். அப்படியும் கட்டிய பழைய குடோன் ஒன்று கைக்கு வந்து, அதன் மூலையில் ஒரு நாலு இஞ்ச் குழாய் வாயைத் திறந்துகொண்டிருந்தால், அது போகக்கூடிய இடங்கள் நான்கு: தெரு வாய்க்கால், செப்டிக் டேங்க், உறிஞ்சுகுழி, கடல்.

முதலில் மட்டம் பாருங்கள். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் ட்யூப் போதும். நாலு இஞ்ச் குழாய்க்கு 60 அடிக்கு 1 அடியாவது சரிவு வேண்டும். 20 மீட்டர் தள்ளியிருக்கும் வாய்க்காலின் அடி, குழாயின் அடியைவிட 33 செ.மீ. தாழ்ந்திருக்க வேண்டும் என்பது கணக்கு. வாய்க்கால் உயரத்தில் இருந்தால் தண்ணீர் அங்கே போகாது. ஆனால் இணைப்பே இல்லை என்று அடித்துவிட வேண்டாம். ரோட்டின் மேல் ரோடு போட்டு வாய்க்காலையும் உயர்த்தியிருந்தால், பழைய இணைப்பு மழைக்காலத்தில் சாக்கடையை உள்ளே தள்ளும்.

அடுத்து, பத்து வாளித் தண்ணீரை வேகமாக ஊற்றுங்கள். சீராக இறங்கினால் மறுமுனை திறந்திருக்கிறது. முதலில் வேகமாகவும் போகப்போக மெதுவாகவும் இறங்கினால், மணல் உறிஞ்சுகிறது. நிரம்பி நின்றால் அடைப்பு. நாலு இஞ்ச் குழாய் மீட்டருக்குச் சுமார் 8 லிட்டர் கொள்ளும். காலியாக இருந்த குழாய் 40 லிட்டரில் நிரம்பினால் அடைப்பு ஏறத்தாழ 5 மீட்டரில் இருக்கிறது. இடையில் இணைப்பு ஒழுகினால் இந்தக் கணக்கு பொய்க்கும்.

சாயம் விடுவது பழைய வித்தை. 1877-இல் ஜெர்மனியில், டான்யூப் ஆற்றுத் தண்ணீர் தரைக்குள் மறைந்து எங்கே போகிறது என்று பார்க்க ஃப்ளோரசீன் என்ற, பச்சையாக ஒளிரும் சாயத்தை 10 கிலோ கொட்டினார்கள். சுமார் 60 மணி நேரம் கழித்து 'ஆஹ்' என்ற ஊரின் ஊற்று பச்சையாக ஓடியது. நமக்கு 5 கிராம் போதும். ஒரு வாளியில் கரைத்து ஊற்றி, பின்னாலேயே பத்து வாளி நல்ல தண்ணீர் விடுங்கள். கேசரி பவுடர் கலங்கல் சாக்கடையில் கண்ணுக்குத் தெரியாது. பெர்மாங்கனேட்டின் நிறத்தைக் கழிவே தின்றுவிடும். ஃப்ளோரசீன் வெயிலில் வெளுக்கும், அதனால் மாலையில் ஊற்றி, கள்ள நோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச்சோடு தேடுங்கள். செப்டிக் டேங்க்கில் பார்ப்பதானால் உள்வாய்ப் பக்கம்தான் பார்க்க வேண்டும், வெளிவாய்க்குச் சாயம் வர ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். மூடியைத் திறந்ததும் குனிய வேண்டாம், தீக்குச்சி கிழிக்க வேண்டாம், உள்ளே இறங்கவே கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் அழுகிய முட்டை நாற்றமே மூக்குக்குத் தெரியாமல் போய்விடும்.

குழாய்க்குள் எப்போதும் தண்ணீர் நிற்கிறதா? அப்படியானால் இந்தக் கரையில் சாயத்தைவிட நல்ல சாட்சி கடல்தான். ஒரு ஸ்கேலை நிறுத்தி, மூன்று நாள் மணிக்கொரு தரம் மட்டத்தைக் குறியுங்கள். கடல் ஏற்றம் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடத்துக்கு ஒன்று. இன்று காலை 7 மணிக்கு உச்சம் என்றால் நாளை 7.50-ஐ ஒட்டி. பக்கத்து வீட்டுக் குளியல் தண்ணீர் என்றால் தினமும் அதே 7 மணிக்குத்தான் ஏறும். உச்சம் நாளுக்கு நாள் தள்ளிப்போனால் கடல் சம்பந்தம் உண்டு. இங்கே ஏற்றத்துக்கும் வற்றுக்கும் வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் பார்த்தால்தான் தெளிவாகத் தெரியும்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. கரையை ஒட்டிய மணலில் நிலத்தடி நீரும் கடலோடு சேர்ந்து ஏறி இறங்கும், ஆனால் தாமதமாக, சில செ.மீ. மட்டும். கரையில் தெரியும் நேரத்திலேயே குழாயிலும் உச்சம் வந்தால் நேரடி வழி திறந்திருக்கிறது. தாமதித்து, குறைவாக ஏறினால் அது உறிஞ்சுகுழியோ உடைந்த இணைப்போ. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரும் உதவும். கடல்நீர் 35,000 பி.பி.எம். அளவு, வீட்டு மீட்டர் 9,990-க்கு மேல் காட்டாது. ஒரு பங்கு நீரை ஒன்பது பங்கு ஆர்.ஓ. தண்ணீரில் கலந்து, வரும் எண்ணைப் பத்தால் பெருக்குங்கள். நிலத்தடி நீரே உப்பாக இருக்கும் ஊரில் இந்த எண்ணை மட்டும் நம்பக் கூடாது.

இதெல்லாம் போதாவிட்டால் கேமரா. தலையில் 512 ஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டர் உள்ளதாகக் கேளுங்கள், கேமரா எந்த இடத்தில் இருக்கிறது என்று தரைக்கு மேலிருந்தே கண்டுபிடிக்கலாம், வார்ப்பிரும்பு வழியாகவும் சிக்னல் கிடைக்கும். தரையை ஊடுருவிப் பார்க்கும் ராடாருக்கு இங்கே காசு கொடுப்பது வீண். உப்பு ஈரம் அதன் அலையை விழுங்கிவிடும்.

கண்டுபிடித்தபின் சிமென்ட் வைத்து அடைக்க அவசரப்பட வேண்டாம். அடி நிலத்து நீரை அந்தக் குழாய்தான் வடித்துக்கொண்டிருக்கலாம். அடைத்ததும் வெளியே நிலத்தடி நீர்மட்டம் அறையின் தளத்துக்கு மேல் 30 செ.மீ. ஏறினால், தளத்தின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் 300 கிலோ கீழிருந்து தள்ளும், விரிசல் வழியே தண்ணீர் பொங்கும். ஒருவழி வால்வு போடுங்கள், எட்டிக் கழுவும்படி அறைக்கு உள்ளேயே. அதன் மடலில் மணல் சிக்கினால் மூடாது, ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை திறந்து கழுவ வேண்டும்.