கோழியின் நெஞ்சைப் பிடிக்காதீர்கள்

போன வாரம் ஒரு பாட்டி, காலில் சின்னக் காயம் பட்ட கம்பத்துக் கோழி ஒன்றைக் கிளினிக்குக் கொண்டு வந்தார். தோட்டத்திலிருந்து பத்தாங் பெர்ஜுந்தை (இப்போது பெஸ்தாரி ஜெயா) வரை மோட்டார் சைக்கிளில் வந்த வழியெல்லாம், கோழி பறந்துவிடக் கூடாதென்று பேரன் அதை நெஞ்சோடு இறுக்கி அணைத்தபடியே வந்திருக்கிறான். மேசையில் வைத்தபோது அலகு திறந்திருந்தது, கொண்டை நீலம் பாய்ந்திருந்தது, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் ஏறி இறங்கியது. "தம்பி, கைய எடுப்பா" என்றேன். காயத்தைத் தொடாமல் பத்து நிமிடம் அப்படியே விட்டோம். கொண்டை மெல்லச் சிவந்தது.

பையன் மேல் தப்பில்லை. பூனைக்குட்டியை அப்படித்தான் தூக்குகிறோம். பூனைக்கும் நமக்கும் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்ற தசை இருக்கிறது. மூச்சிழுப்பில் பெரும்பங்கு அதனுடையது. கோழிக்கு அது கிடையாது. நுரையீரலும் விரிந்து சுருங்காமல் விலாவோடு ஒட்டிக் கிடக்கும். மார்பெலும்பு அசைந்தால்தான் உள்ளே இருக்கும் காற்றுப் பைகள் துருத்தி மாதிரி வேலை செய்யும். அந்த எலும்பை அமுக்கினால், மூக்கும் வாயும் திறந்திருந்தும் கோழி மூச்சு முட்டிச் சாகும். இறக்கைகளைச் சேர்த்துப் பிடியுங்கள், நெஞ்சை விட்டுவிடுங்கள். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி இன்னும் நல்லது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பறவை இழுத்த காற்று, நமக்குப் போல வந்த வழியே திரும்புவதில்லை. பின்பைகளுக்குப் போய், நுரையீரலை ஒரே திசையில் கடந்து, முன்பைகள் வழியாக வெளியேற இரண்டு மூச்சு பிடிக்கும். அதனால் ஆக்சிஜனை அள்ளுவதில் நம்மைவிடக் கெட்டி. விஷப் புகையையும் அதே வேகத்தில் அள்ளிவிடும். பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் 1986 வரை கேனரிக் குருவிகளை வைத்திருந்தது இதனால்தான். லவ்பேர்ட்ஸ் கூண்டைச் சமையலறையில் தொங்கவிடும் அக்காமார்களே, தயவுசெய்து இடம் மாற்றுங்கள். அடுப்பில் அளவுக்கு மீறிச் சூடேறிய நான்ஸ்டிக் சட்டியின் ஆவி ஒன்றே போதும், நமக்கு வாடைகூடத் தெரியாமல் குருவி விழுந்துவிடும். 2005 ஆகஸ்ட்டில் கோல சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்த மாதிரிப் புகைமூட்டம் வந்தால் கூண்டை வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சன்னலைச் சாத்துங்கள். கொசுவர்த்தியும் சாம்பிராணியும் அந்த அறையில் வேண்டாம்.

அப்புறம், மீன். "டாக்டர், தீலாப்பியா எல்லாம் மேல வந்து வாயைத் திறக்குது, பசி போல" என்று விடியற்காலையில் போன் வரும். பசியில்லை அண்ணே, மூச்சு. 30 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறக்குறைய 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். ஒரு லிட்டர் காற்றில் அதைப்போல முப்பது மடங்குக்கு மேல் இருக்கிறது. அந்தக் கொஞ்சத்தையும் இரவெல்லாம் பாசி இழுத்துவிடும், பொழுது விடியுமுன் குளம் வறண்ட மாதிரி ஆகிவிடும். தீனி போடாதீர்கள். பம்ப்பைப் போடுங்கள், இல்லையென்றால் குளத்துத் தண்ணீரையே வாளியில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுங்கள். பைப் தண்ணீரை நேரே திறந்துவிட்டால் குளோரின் செவுளை எரித்துவிடும்.

பக்கத்துத் தொட்டியில் கெளுத்தி, மலாயில் சொல்லும் இக்கான் கெலி, சும்மாதான் இருக்கும். செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்கத் தனி உறுப்பு வைத்திருக்கிறது. ஆப்பரேஷன் செய்தவர்களுக்குக் கொடுக்கிறோமே ஹாருவான், நம் விரால், அதுவும் அப்படித்தான். மேலே வரவிடாமல் வலைக்குள் அமுக்கி வைத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துவிடும். துள்ளிக் குதிக்கும் மீன், ஆகவே தொட்டிக்கு மூடி போடுங்கள். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண் காற்று இருக்கட்டும்.