சொல் விளக்கம்: றிவேர்ப்

யாழ்ப்பாணத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் ‘எக்கோ’, ‘றிவேர்ப்’ இரண்டும் ஒரே பொருளில்தான் புழங்குகின்றன. பாடுகிறவர் “அண்ணை, கொஞ்சம் எக்கோ போடுங்கோ” என்பார். மிக்ஸ் செய்பவர் கூட்டுவது பெரும்பாலும் றிவேர்ப்பை. அதைத் தமிழில் எழுதும்போதும் ‘எதிரொலி’ என்றே போட்டுவிடுகிறோம். அது பொருந்தாது.

எதிரொலி என்பது முதல் ஒலியிலிருந்து பிரிந்து, தனியாகத் திரும்பிக் கேட்பது. அதற்குச் சுவர் சுமார் 17 மீற்றராவது தள்ளி இருக்கவேண்டும் என்று பள்ளியில் படித்திருப்போம். சின்ன அறையில் சுவர்கள் பக்கத்திலேயே நிற்பதால் தெறிப்புகள் சில மில்லிசெக்கனில் வந்து ஒன்றுக்குள் ஒன்று கலந்து, முதல் ஒலியின் வாலாக நீளும். அந்த வால்தான் றிவேர்ப்.

சொல்லின் வேர் லத்தீன். ‘றெவேர்பெராரே’ என்றால் திருப்பி அடித்தல். ‘வேர்பெர்’ என்றால் சாட்டை. ஆங்கில இலக்கணத்தில் வினைச்சொல்லைக் குறிக்கும் ‘வேர்ப்’புக்கும் இதற்கும் உறவில்லை.

தமிழில் எதிர்முழக்கம் என்பதே நல்ல சொல். இலங்கைப் பாடநூல்களில் ‘தெறிப்பு’ இருக்கிறதே, ‘தெறிப்பொலி’ ஆகாதா என்று கேட்கலாம். சுவரில் பட்டுவரும் ஒற்றை ஒலிக்கு அது சரி. கோயில் மண்டபத்தில் தவில்காரர் கையை எடுத்த பிறகும் நிற்கிற ஒலியை நாம் முழக்கம் என்றுதான் சொல்வோம்.

இதை அளக்கும் அளவு எதிர்முழக்க நேரம்: ஒலி 60 டெசிபல் இறங்க எடுக்கும் நேரம். 1895இல் ஹார்வர்டில் ஒரு விரிவுரை மண்டபத்தில் பேச்சு விளங்கவில்லை என்று அங்கே பௌதிகம் படிப்பித்த வோலஸ் சபீனிடம் சொன்னார்கள். அவர் பக்கத்துத் தியேட்டரின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து அடுக்கி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். அறையின் கனஅளவை (கனமீற்றரில்) 0.161ஆல் பெருக்கி, சுவர், நிலம், சாமான் எல்லாம் சேர்ந்து ஒலியைக் குடிக்கும் அளவான மொத்த உறிஞ்சலால் (சதுர மீற்றரில்) வகுத்தால் விடை விநாடியில் வரும்.

நம் ஊர் வீட்டறை ஒன்றைக் கொன்ட்றோல் றூம், அதாவது மிக்ஸ் செய்பவர் இருந்து கேட்கும் அறை, ஆக்குவதாக வைப்போம். 4 மீற்றர் நீளம், 3.5 அகலம், 3 உயரம். சீமெந்து நிலம், பூசிய சுவர், மேலே கொங்கிறீற் பிளேட், சாமான் ஒன்றுமில்லை: கணக்குப்படி 3 விநாடியளவில் முழங்கும். கொன்ட்றோல் றூமுக்கு வேண்டியது 0.2 முதல் 0.4 விநாடி. கூடினால் என்ன நட்டம்? மிக்ஸ் செய்பவர் அறையின் முழக்கத்தையும் பாட்டின் முழக்கத்தையும் சேர்த்துக் கேட்டு, இது போதும் என்று நிறுத்திவிடுவார். அதே பாட்டைக் காரில் போட்டால் குரல் வறண்டு கிடக்கும்.

முட்டை மட்டை ஒட்டி இதைச் சரிக்கட்ட முடியாது. ஒரு அங்குல ஸ்பொஞ்சும் மேல் மீடிறன்களை மட்டும்தான் குடிக்கும். தவிலின் தொப்பிப் பக்கத்துக் கனத்த ஒலி அப்படியே நிற்கும். மேலே சொன்ன அறையில் 43 ஹேர்ட்ஸ் அலையின் நீளமே 8 மீற்றர், அறையின் நீளத்தில் சரியாக இரட்டிப்பு. அந்த மீடிறன் சுவரோரம் வீங்கியும் அறை நடுவில் மெலிந்தும் கேட்கும். நாற்காலியை நடுவில் போட்டவர் பேஸ் காணாதென்று கூட்டிக்கொண்டே போவார். இந்தக் கோளாறுக்குப் பெயர் பரிவு. இதையும் எதிர்முழக்கம் என்ற தலைப்பில் தள்ளிவிடக்கூடாது, மருந்து வேறு: மூலைகளில் தடித்த றொக்வூல், அப்புறம் நாற்காலியை நடுவிலிருந்து நகர்த்துவது.